தண்டவாளத்தில் ஒரு கோலமாவுக் கோடு

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில், கரும்பலகையில் வைத்து அளக்கும் பெரிய மரக் கோணமானி. வலது கையில் என் பின்னல். தலையில் இருக்க வேண்டியது, கையில் இருக்கிறது.

ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே ஒரு கும்பல். அதில் ஒரு குரல் சொல்கிறது: "ஆம்பளதான்யா. காலைப் பாரு, எம்மாம் பெருசு!"

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர். காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

டைபாய்டு வந்து தலைமுடி கொட்டிய கதையைச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியதும், 'அப்புறம் என்ன எண்ணெய் தேய்த்தீர்கள்?' என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதிவிட்டார்கள். எந்த எண்ணெயும் வேலை செய்யவில்லை, தாய்மார்களே. சவுரிதான் வேலை செய்தது. நீளமான, கருகருவென்ற பொய்ப் பின்னல். அதை வைத்துத்தான் செஞ்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். சக டீச்சர்கள் 'என்ன நீளம்!' என்று கண் வைத்தார்கள். எங்கள் தலைமையாசிரியை, 'இந்தக் காலத்துப் பெண்களில் இப்படி முடி யாருக்கு இருக்கிறது?' என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். நான் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தேன். அதிகம் குனிந்தால் கழன்றுவிடும் என்பதால் கொஞ்சமாகத்தான் குனிந்தேன்.

அந்தப் பின்னலும் ஒரு தேற்றமும் சேர்ந்து என்னை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்ததைச் சொல்கிறேன்.

நீட்டிப் பார்த்தவர் யார்?

செஞ்சிக்கு வந்து போகாத ராஜா இல்லை. ரயில் மட்டும் வரவில்லை. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித் திண்டிவனம் பக்கம் போக வேண்டும்.

இது தெரிந்தும் நான் வகுப்பில், "இணைகோடுகள் என்றால் தண்டவாளம் மாதிரி" என்று ஆரம்பித்தேன். அவலூர்பேட்டைக்குத் தெற்கே கிறிஸ்தவர்களே வாழும் ஒரு சின்ன வேதக்காரக் கிராமத்திலிருந்து வந்தவள் நான். நானே பயிற்சிக் கல்லூரிக்குப் போகும்போதுதான் முதல் முறை ரயிலைப் பார்த்தேன். ஆனால் டீச்சர் ஆனதும் பிறந்ததிலிருந்தே ரயிலில் போய் வந்தவள் மாதிரி ஒரு மிதப்பு வந்துவிடுகிறது.

"எத்தனை பேர் தண்டவாளம் பாத்திருக்கீங்க?"

ஒரே ஒரு கை எழுந்தது. "சினிமால பாத்தேன் டீச்சர். கதாநாயகி படுத்துகினு இருந்தாங்க."

சரி என்று கரும்பலகையில் இரண்டு கோடு போட்டேன். "இவை எவ்வளவு தூரம் நீட்டினாலும் ஒன்றை ஒன்று சந்திக்காது. அதனால் இணைகோடுகள்."

இரண்டாம் வரிசையிலிருந்து நூர்ஜஹான் எழுந்தாள். வருடம் முழுவதும் வாய் திறக்காத பெண். கடைவீதியில் தையல் மெஷின் போட்டிருந்த காசிம் பாயின் மகள். பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்வதுகூடப் பக்கத்துப் பெண்ணுக்குக் கேட்டால் அதிசயம்.

"டீச்சர், எவ்ளோ தூரம் நீட்டினாலும் சந்திக்காதுன்றீங்க. நீட்டிப் பாத்தது யாரு?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

"கடைசி வரைக்கும் போவ முடியாதில்ல? அப்ப இணையா இல்லையான்னு எப்டித் தெரியும்?"

தெரியாத கேள்வி வந்தால் 'நல்ல கேள்வி, உட்கார்' என்று சொல்வது ஆசிரியர் குலத்துக்கே உரிய தந்திரம். நானும் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். ஆனால் கண்ணை என் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கண்ணைத் தாங்க முடியாமல் என் வாயிலிருந்து வந்தது இது: "உங்களையெல்லாம் ரயில் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே பார்க்கலாம்."

கேள்விக்குப் பதில் தெரியாமல் சுற்றுலா ஏற்பாடு செய்த ஒரே கணக்கு டீச்சர் நானாகத்தான் இருப்பேன்.

அம்பத்தெட்டு! நூத்தி இருபத்திரெண்டு!

ஒரு சனிக்கிழமை, எட்டுப் பெண்களோடு பஸ்ஸில் கிளம்பினேன். பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. டீக்கடை ரேடியோவைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். ஒற்றர்கள் பாராசூட்டில் இறங்கிப் பெண் வேஷத்தில் சுற்றுகிறார்கள் என்று ஒரு வதந்தி வடக்கே கிளம்பி எங்கள் சந்தை வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. நாட்டு நடப்பு எனக்கும் தெரியும். அதற்கும் இணைகோடுகளைச் சாய்வாக வெட்டும் குறுக்குவெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் பக்கத்து ரயில்வே கேட் அது. கேட்காரர் நல்ல மனிதர். "வண்டி வர்றதுக்கு நேரம் இருக்குது. பாத்துக்கினு போங்கம்மா" என்றார். ரோடு கடக்கும் இடத்தில் தண்டவாளத்துக்கு நடுவே மண் கெட்டித்துச் சமமாக இருந்தது. இரண்டு தண்டவாளத்தையும் சாய்வாக வெட்டிக்கொண்டு ஒரு கோடு போட வேண்டும். சாக்பீஸ் மண்ணில் எழுதவில்லை. செல்வி என்ற பெண் பாவாடை மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"கோலமாவு டீச்சர். எங்க அம்மா கடையில வாங்கியாரச் சொன்னாங்க."

பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. பார்க்கவே அழகாக இருந்தது. ஆளுக்கொரு கோணமானியோடு பெண்கள் குந்தி உட்கார்ந்தார்கள். நானும் பள்ளிக்கூடத்து மரக் கோணமானியைத் தண்டவாளத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, வட்டாரக் கல்வி அதிகாரி பார்த்தால் விருதே தருவார் என்ற நினைப்பில், உரக்கக் கூவினேன்: "முதல் தண்டவாளம், மேல் இடது?"

"அம்பத்தெட்டு!"

"மேல் வலது?"

"நூத்தி இருபத்திரெண்டு!"

"ரெண்டாவது தண்டவாளம், மேல் இடது?"

"அம்பத்தெட்டு!"

ஒரே பக்கத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒத்த கோணங்கள் சமம். உள்ளே எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட கோணங்களும் சமம். ஒரே பக்கத்து உட்கோணங்கள் இரண்டையும் கூட்டினால் நூற்று எண்பது. புத்தகத்தில் எழுதியபடியே எல்லாம் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர்.

ரோட்டுக்கு எதிரே டீக்கடை இருந்தது. அங்கிருந்து பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நான் பிற்பாடுதான் யோசித்தேன். நெட்டையாக ஒரு பெண். கையில் அரைவட்டமாக ஒரு கருவி. தண்டவாளத்துக்குக் குறுக்கே வெள்ளைக் குறி. நடுநடுவே ரகசிய எண்கள்.

"ஏய், இன்னா பண்றீங்க அங்க?"

"ஏரோப்ளேனுக்கு அடையாளம் போடுறாங்கடா!"

ஓடி வந்தார்கள். நான் சட்டென்று நிமிர்ந்தேன். பின்னல் நிமிரவில்லை. அது தண்டவாளத்து போல்டில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

கொய்யாப்பழக் கூடையோடு வந்த அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "அடி ஆத்தா! மயிரு தனியா வந்துடுச்சி!"

என் தலையில் அப்போது ஒரு விரல் நீள முடி. டைபாய்டுக்குப் பிறகு குரலும் கட்டைக் குரல். "நான் டீச்சர்" என்றேன், அந்தக் குரலில்.

"கேட்டியா கொரல? ஆம்பள!"

கேட்காரர் நடுவில் புகுந்து, "அடிக்காதீங்கப்பா, ஸ்டேஷனுக்குக் கூட்டினு போங்க" என்றார். அந்த மனிதர் இல்லாவிட்டால் இந்தத் தொடரே வந்திருக்காது.

அதற்கு முன்னாடி?

சப்-இன்ஸ்பெக்டர் வயதில் என்னைவிட ஏழெட்டு வருடம் பெரியவர். கத்தவில்லை. பெண்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொருத்தியாகப் பேர் கேட்டு எழுதினார்.

"செல்வி."

"லூர்துமேரி."

"நூர்ஜஹான்."

பேனா நின்றது. ஜன்னலில் சலசலப்பும் நின்றது. அந்த அமைதி எனக்கு இன்றும் பிடிக்காது.

"சொந்த ஊரு?"

"செஞ்சி சார்."

"அதுக்கு முன்னாடி?"

நூர்ஜஹான் தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். 

"அதுக்கு முன்னாடியும் செஞ்சிதான் சார். கோட்டையில சிப்பாய்ங்க இருந்த காலத்துலயே எங்க ஆளுங்க இங்கதான் இருந்தாங்களாம். அதுக்கும் முன்னாடின்னா எங்க நைனாவைக் கேட்டுச் சொல்றேன்."

நான் எழுந்துவிட்டேன். தைரியத்தால் எழுந்தேன் என்று எழுத ஆசைதான். காலே தானாக எழுந்துகொண்டது. "எட்டுப் பேரும் என் பொண்ணுங்க சார். கேக்கறதை என்னைக் கேளுங்க" என்றேன்.

வீரமாகத்தான் சொன்னேன். வாக்கியம் மட்டும் ஒரு எருமையின் குரலில் முடிந்தது. ஜன்னலில், "இப்ப சந்தேகமே இல்ல" என்றார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னையும் பார்த்தார், நூர்ஜஹானையும் பார்த்தார். பேனாவை எடுத்து, 'செஞ்சி' என்று எழுதிவிட்டு அடுத்த பெண்ணிடம் போனார்.

தலைமையாசிரியை சொன்ன சாட்சி

பிறகு செஞ்சிக்கு டிரங்க் கால் போட்டார். அங்கிருந்து ஒரு கான்ஸ்டபிள் தலைமையாசிரியை வீட்டுக்குச் சைக்கிளில் போய்க் கேட்டு வர வேண்டும். காத்திருந்தோம். எனக்கு நிம்மதி. எங்கள் தலைமையாசிரியை கண்டிப்பானவர், ஆனால் என் மேல் பிரியமானவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

போன் அடித்தது. சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே என் தலையைப் பார்த்தார். போனை வைத்தார்.

"மொட்டைத் தலையோட ஒரு டீச்சர் இருக்காங்களான்னு கேட்டாங்களாம். உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் இன்னா சொன்னாங்க தெரியுமா? 'எங்க கணக்கு டீச்சருக்கு இடுப்பு வரைக்கும் பின்னல். நீங்க பிடிச்சது வேற யாரோ. விடாதீங்க'ன்னு சொல்லிட்டாங்க."

கையிலிருந்த பின்னலைத் தூக்கிக் காட்டினேன். "அது இதுதான் சார்."

அவர் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினாரா கோபத்தை அடக்கினாரா தெரியவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி. கணக்கு டீச்சர்தானே? நடத்துங்க பாக்கலாம்."

சுவரில் ஸ்டேஷன் கரும்பலகை இருந்தது. ஒரு ஓரத்தைத் துடைத்துவிட்டு சாக்பீஸ் கொடுத்தார்கள். நான் இரண்டு கோடு போட்டேன். குறுக்கே ஒரு கோடு. "இவை இணைகோடுகள். இது குறுக்குவெட்டி. ஒன்றுவிட்ட கோணங்களான இதுவும் இதுவும் சமம்" என்றேன்.

"சமமா?"

"சமம் சார்."

அவர் எழுந்து வந்து என் மரக் கோணமானியையே வாங்கி வைத்து அளந்தார். படித்த காலத்து ஞாபகம் இருந்தது போல. நிதானமாகச் சரியாகத்தான் வைத்தார்.

"இது அறுபது. இது அறுபத்தேழு." திரும்பினார். "இன்னாம்மா, சமம்னீங்க?"

நான் மறுபடியும் பலகையைப் பார்த்தேன்.  பி.எஸ்சி., பி.டி., பயிற்சிக் கல்லூரியின் நற்சான்று எல்லாம் எங்கோ போய்விட்டன. தேற்றமே பொய்யாகிவிட்டது என்று ஒரு கணம் நானே நம்பினேன்.

அளவுகோலின் இரண்டு விளிம்பு

"சார்."

நூர்ஜஹான்.

"தேற்றம் சரிதான் சார். டீச்சர் போட்ட கோடுதான் சரியில்ல. அவங்களுக்குக் கை நடுங்குது. ரெண்டும் இணையா இல்ல. இணையா இல்லன்னா கோணம் எப்டி சமமா வரும்?"

"பாக்க இணையாத்தானேம்மா இருக்குது?"

"கண்ணுக்கு அப்டித்தான் இருக்கும் சார்." கரும்பலகைக்கு அருகே போனாள். "மரத்துல அடிக்கோல் இருந்தா குடுங்க."

ரைட்டர் மேஜையிலிருந்து அளவுகோலைக் கொடுத்தார்கள். அதைப் பலகையில் அழுத்திப் பிடித்து, அதன் இரண்டு விளிம்பிலும் சாக்பீஸை ஓட்டினாள். எடுத்ததும் இரண்டு கோடு. குறுக்கே ஒரு கோட்டை இழுத்தாள்.

"இப்ப அளந்து பாருங்க சார்."

அளந்தார். "நாப்பத்தஞ்சு. நாப்பத்தஞ்சு." அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சாக்பீஸை வாங்கி, தானே வேறு சாய்வில் ஒன்று இழுத்தார். அளந்தார். சமம். கிட்டத்தட்டப் படுத்தாற்போல இன்னொன்று இழுத்தார். சமம்.

"எப்டிப் போட்டாலும் வருதே!" என்றார், ரைட்டரைப் பார்த்து.

"சமமாமே!" என்று ஜன்னலில் ஒருவர் பின்னால் நின்றவருக்கு அஞ்சல் செய்தார். கொய்யாப்பழ அம்மாள், "அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?" என்று கேட்டார்.

நூர்ஜஹான் இதையெல்லாம் கவனிக்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு பேர் நடுவில் என்னோடு மட்டும் பேசுகிறவள் மாதிரி சொன்னாள்:

"டீச்சர், கடைசி வரைக்கும் போவ வேணாம். இங்கயே குறுக்க ஒரு கோடு போட்டுக் கோணத்தைப் பாத்தா போதும். சமமா இருந்தா எங்க போனாலும் சந்திக்காது. அன்னிக்கி நான் கேட்டேனே, அதுக்கு இதான் பதிலு."

அன்றைக்கு நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய பதில். ஸ்டேஷனில், கைதிகளின் கணக்கு எழுதும் பலகைக்கு முன்னால் நின்று, என் மாணவி எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் தலையாட்டினேன். எல்லாம் முன்கூட்டியே எனக்குத் தெரியும் என்பது போலத்தான் ஆட்டினேன். பழக்கம் விடுமா?

சப்-இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் சாக்பீஸ் தூசியைத் துடைத்தார். "இவ்ளோ தெரிஞ்ச பொண்ணுக்கு நீங்கதான் டீச்சரா?"

"ஆமா சார்."

"நம்பறேன்" என்றார். எதை நம்பினார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் எல்லாருக்கும் டீ வந்தது. கடைசி பஸ்ஸுக்கு ஒரு கான்ஸ்டபிளே வந்து ஏற்றிவிட்டார். அதற்கு முன், ஸ்டேஷனிலிருந்து கிளம்பும்போது சப்-இன்ஸ்பெக்டர் நூர்ஜஹானிடம், "பேரு எழுதறப்ப ஒண்ணு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். அவள், "பரவால்ல சார்" என்றாள்.  பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, தாவணியால் முகத்தைத் துடைத்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 

காசிம் பாய் வந்தார்

திங்கட்கிழமை பின்னல் இல்லாமலேயே பள்ளிக்கூடம் போனேன். எப்படியும் ஊருக்கே தெரிந்துவிட்டது. தலைமையாசிரியை என் தலையைப் பார்த்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா மொட்டைதான்னு நானே சாட்சி சொல்லியிருப்பேனே!" என்று என்னைத்தான் கோபித்துக்கொண்டார். பெற்றோர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். செல்வியின் அம்மா கோலமாவைக் கேட்டார்.

மாலையில் காசிம் பாய் வந்தார்.  மற்றவர்கள் கத்தினார்கள், அவர் மெதுவாகப் பேசுகிற மனிதர். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"டீச்சரம்மா, அவளை ஸ்டேஷன்ல கேட்டாங்களாமே, அதுக்கு முன்னாடி எந்த ஊருன்னு?"

"ஆமா பாய்." நாற்காலியிலிருந்து எழுந்தேன். "என்னாலதான். மன்னிச்சிடுங்க."

"எங்க அப்பாவை யாரும் அப்டிக் கேட்டதில்ல. என்னையும் கேட்டதில்ல. முதல் முதல்ல எம்பொண்ணைக் கேட்டுட்டாங்க." கழுத்து டேப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ராத்திரி பூரா அதே நெனப்பு. அப்புறம் அவ இன்னா பதில் சொன்னான்னு லூர்துமேரி வந்து சொல்லிச்சி. வூட்ல தண்ணி குடுன்னாகூட அவ தலையை ஆட்டுவாளே தவிர வாய் தெறக்க மாட்டா. அத்தினி ஆம்பளைங்க நடுவுல பேசினாளா?"

"பேசினா பாய். எனக்கும் சேத்துப் பேசினா."

அவர் டேப்பை விரலில் சுருட்டினார், அவிழ்த்தார்.

"ஒம்பதாவதோட நிறுத்திடலாம்னு இருந்தோம். மாப்ள வூட்லகூடப் பேச்சு நடக்குது." நிமிர்ந்தார். "பதினொண்ணு வரைக்கும் படிக்கட்டும். ஆனா ஒண்ணு. அவளுக்குப் பழக்கமான டீச்சர் இருக்கணும். அதுவரைக்கும் நீங்க இங்க இருப்பீங்களா?"

நான் கடலூருக்கு மாற்றல் கேட்டிருந்தேன். கடல், கான்வென்ட் விடுதி, வாரம் மாறும் சினிமா. அனேகமாகக் கிடைத்துவிடும் என்று செய்தியும் வந்திருந்தது. எங்கள் நைனா விடுதிக்குச் சொல்லியே வைத்துவிட்டார்.

"இருப்பேன் பாய்" என்றேன்.

அவர் கைகூப்பிவிட்டுப் போய், தெருமுனை திரும்பிய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நைனாவிடம் சொன்னபோது, "டைபாய்டு மூளைக்கும் போய்டுச்சா?" என்றார். அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார்.

இருந்தேன். எனக்கு முடி வளர்ந்தது. நூர்ஜஹானுக்குக் கணக்கும் வளர்ந்தது.

அந்நாளில் பள்ளி இறுதி வகுப்பான பதினொன்றாம் வகுப்பின் கணக்குப் பரீட்சை அன்று அவளைவிட நான்தான் அதிகம் பயந்தேன். மணி அடிக்கும் முன்பே வாசலில் போய் நின்றுவிட்டேன். வெளியே வந்தவள் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"இன்னா டீச்சர், மூஞ்சி இப்டி வேர்த்துக்கினு இருக்குது?"

"அதை விடு. இணைகோடு வந்துச்சா?"

"வரல டீச்சர். வட்டத்துலதான் பெரிய கேள்வி கேட்டிருந்தாங்க."

 "போட்டியா?"

"நல்லாப் போட்டேன்." சுற்றிலும் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு வட்டம் அவ்ளோவா நடத்த வராதில்ல டீச்சர்? அதான், அதை மட்டும் நானே தனியா படிச்சிக்கினேன்."